நிரந்தரவாச விண்ணப்பம் பதினோரு மாதமாகப் பரிசீலனையில்: கிரைண்டர் வாங்கலாமா, வேண்டாமா?

பொங்கோல்காரன்
9 அக்டோபர் 2024, இரவு 10.42

நான்கு ஆண்டுகளாக இந்த இணைய மன்றத்தில் படிப்பதோடு சரி. எழுதுவது இதுதான் முதல் தடவை. நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் மனைவிக்கும் ஆறு வயது மகனுக்கும் சேர்த்துக் கடந்த ஆண்டு நவம்பரில் சிங்கப்பூர் நிரந்தரவாசத்துக்கு (பிஆர்) விண்ணப்பித்தேன். எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி), ஆறு ஆண்டுக்கு மேல் இங்கே வாசம், ஒரே நிறுவனம். தலைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. தெரிந்தே கட்டினேன், அதில் மனக்குறை இல்லை. நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும் என்று போட்டிருந்தது. சிலருக்குக் கூடுதலாகும் என்றும் கூடவே போட்டிருந்தது. அந்த வரியை அன்று நான் கண்ணால் பார்த்தேனே தவிர, படிக்கவில்லை. இப்போது பதினோரு மாதம். காலையில் பல் துலக்கும் முன்பே சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கில் நுழைந்து பார்த்துவிடுகிறேன். அதே சொல்தான் இருக்கிறது.

மகன் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றில் சேர வேண்டும். பிஆர் வந்திருந்தால் ஜூலையிலேயே பதிந்திருப்பேன். இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான மூன்றாம் கட்டத்தில், இடம் உண்டா இல்லையா என்ற பதிலுக்குக் காத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. வீட்டுக்காரர் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்துக் கேட்கிறார். இதற்கிடையில் வேறொரு நிறுவனத்தில் நல்ல வேலை ஒன்று கூடிவருகிறது. இப்போது மாறினால் விண்ணப்பம் கெட்டுப்போகுமா?

சிரிக்காதீர்கள், வீட்டில் ஒரு கிரைண்டர்கூட வாங்கவில்லை. ‘முடிவு தெரியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்கிறாள் மனைவி. பதினோரு மாதமாகக் கடை மாவில்தான் இட்லி.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தேக்கா மைனா
9 அக்டோபர் 2024, இரவு 11.05

எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது, கிடைத்தது. பக்கத்து வீட்டில் ஐந்தே மாதத்தில் பதில் வந்தது; மறுப்பு. சீக்கிரம் வந்தால் நல்லது, தாமதமானால் கெட்டது என்ற சோதிடமெல்லாம் நாமாகப் பார்த்துக்கொள்வது. தினமும் திறந்து பார்ப்பதை நிறுத்துங்கள். கிரைண்டரை வாங்குங்கள்.


கணக்குப்பிள்ளை
10 அக்டோபர் 2024, காலை 7.20

கட்டணத்தில் மனக்குறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, எனக்கு ரயிலில் இடம் கிடைத்திருக்கிறது, கூட்டிப் பார்க்கிறேன்.

விண்ணப்பம் 100. கிடைத்த பிறகு நுழைவு அனுமதி 20, ஐந்தாண்டு மறுநுழைவு அனுமதி 50, நீல அடையாள அட்டை 50. பெரியவர் ஒருவருக்கு 220 வெள்ளி. அடையாள அட்டை பதினைந்து வயதில்தான் என்பதால் பையனுக்கு 170. மூவருக்கும் 610. விசா மாதிரியான சில்லறை தனி.

இனிக் காத்திருப்பின் விலை. உங்கள் பாஸ் எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. புதுப்பிக்க ஒரு பாஸுக்கு 225 வெள்ளி. மூன்று பாஸுக்கு 675. அதாவது, பிஆர் வாங்க ஆகிற மொத்தச் செலவைவிட, அதற்காகக் காத்துக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை பாஸ் புதுப்பிக்க ஆகிற செலவு அதிகம். வேலை மாறினால் அது புதுப்பிப்பு அல்ல, புது விண்ணப்பம். விண்ணப்பத்துக்கு 105, பாஸுக்கு 225. மனைவி, மகன் இருவரின் டிபென்டன்ட் பாஸும் (குடும்பத்தினர் தங்கும் அனுமதி) உங்கள் பாஸோடு முடிச்சுப் போட்டது. அவையும் புதிதாக எடுக்க வேண்டும். 330 பெருக்கல் மூன்று, 990. உங்கள் பங்கை நிறுவனம் கட்டிவிடும். குடும்பத்தின் பங்கை எல்லா நிறுவனமும் கட்டுவதில்லை.

இதோடு, செப்டம்பர் 1 முதல் பாஸ் புதுப்பிப்பவர்களுக்கும் காம்பஸ் என்ற புள்ளிமுறை வந்துவிட்டது. 40 புள்ளி எடுத்தாக வேண்டும். பிஆர் வந்திருந்தால் இந்தக் கவலை இருந்திருக்காது.

வெளியூரோடு ஒப்பிட்டால் நாம் வாய் திறக்கக் கூடாது. தங்கை லண்டனில் இருக்கிறாள்; நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு 2024 கட்டணப்படி தலைக்கு 2,885 பவுண்டு. சித்தப்பா மகன் டெக்சஸில். அங்கே 2024 கட்டணப்படி 2,805 டாலர் கட்டினால் சில மனுக்களை விரைந்து பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் பச்சை அட்டை (அமெரிக்க நிரந்தரவாசம்) வரிசையை ஓர் அடிகூட நகர்த்தாது. இந்தியாவில் பிறந்தவர்களில், வேலை வழியின் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் 2012இல் வரிசையில் நின்றவர்களைத்தான் இந்த மாதம் கூப்பிடுகிறார்கள். இங்கே பிஆருக்கு விரைவுக் கட்டணம் என்று ஒன்று இல்லவே இல்லை. பணம் உள்ளவனும் நம்மோடு சேர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறான். அதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.


செம்பவாங் பெரியவர்
10 அக்டோபர் 2024, காலை 9.48

தம்பி, நான் இங்கேயே பிறந்தவன். விண்ணப்பம் போட்டுப் பழக்கமில்லை, கதை மட்டும் உண்டு.

என் அப்பாவும் பெரியப்பாவும் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார்கள். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. எட்டு ஆண்டு இங்கே வசித்தவர்கள் விசுவாச உறுதிமொழி எடுத்துப் பதிந்துகொள்ளலாம். அப்பா அரைநாள் விடுப்பு எடுத்துப் போய்ப் பதிந்தார். பெரியப்பா போகவில்லை. ‘இன்னும் இரண்டு ஆண்டில் ஊருக்குப் போய்விடுவேன், எனக்கு எதற்கு அரைநாள் சம்பளம் நட்டம்’ என்றாராம். 1966இல் அடையாள அட்டைகளை மாற்றிக் கொடுத்தபோது அப்பாவுக்குக் குடிமகனுக்கான இளஞ்சிவப்பு வந்தது, பெரியப்பாவுக்கு நிரந்தரவாசிக்கான நீலம் வந்தது. 1971இல் பிரிட்டிஷ்காரர்கள் தளத்தைக் காலி செய்துகொண்டு போனார்கள். பெரியப்பாவுக்கு வேலை போயிற்று. ‘ரஜூலா’ கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினார். பெட்டியில் அந்த நீல அட்டையைக் கடைசிவரை வைத்திருந்தார் என்று பெரியம்மா சொல்வார்.

அவர் கேட்காமலே வந்தது அது. நீங்கள் பதினோரு மாதமாகக் கேட்கிறீர்கள்.


மூன்று மறுப்பு
10 அக்டோபர் 2024, பிற்பகல் 1.15

கதை அருமை ஐயா. ஆனால் அரைநாள் விடுப்பில் காரியம் முடிந்த காலத்தை வைத்து எங்களைத் தேற்ற முடியாது.

எனக்கு மூன்று தடவை மறுப்பு. மூன்று கடிதமும் ஒரே வாசகம், தேதிதான் வேறு. காரணம் சொல்வதில்லை என்பது விதி. சம்பளம் போதாதா, படிப்பா, வயதா, திருமணம் ஆகாததா? எது குறை என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம், திருத்த முடியாது என்றால் மூட்டை கட்டலாம். கதவைத் திறக்கவும் மாட்டார்கள், பூட்டியிருக்கிறது என்றும் சொல்ல மாட்டார்கள். 300 வெள்ளி போனது பெரிதில்லை. ஏழு ஆண்டு போயிருக்கிறது.


அங் மோ கியோ வாசகி
10 அக்டோபர் 2024, பிற்பகல் 2.02

நான் குடிமகள். என் தரப்பையும் ஒருவர் எழுத வேண்டும் அல்லவா?

கடந்த மாதம் வந்த மக்கள்தொகை அறிக்கையைப் பாருங்கள். 2022இல் 34,493 பேருக்கு நிரந்தரவாசம் கொடுத்தார்கள். 2023இல் 34,491 பேருக்கு. இரண்டே பேர் வித்தியாசம். இது தேர்வு எழுதி நாற்பது மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்கிற கணக்கு இல்லை. பஸ்ஸில் இத்தனை இருக்கை என்று முடிவு செய்துவிட்டு ஏற்றுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்களிடம் குறையே இல்லாமல் இருக்கலாம். உங்களுக்கு முன்னால் நின்றவர் யார் என்பதைப் பொறுத்தது. அதை எப்படிக் கடிதத்தில் எழுதுவார்கள்?

காரணத்தை வெளியே சொன்னால் அடுத்த நாளே அதற்கேற்ப ஆள் தயாரிக்கும் கடைகள் முளைத்துவிடும்.


மூன்று மறுப்பு
10 அக்டோபர் 2024, பிற்பகல் 2.31

சகோதரி, கடைகள் ஏற்கெனவே முளைத்துவிட்டன. காரணம் சொல்லாததால்தான் முளைத்தன. இருட்டில்தானே தாயத்து விற்க முடியும்?

மூன்றாம் தடவை நான் அப்படி ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறை, கண்ணாடி மேசை, 2,800 வெள்ளி. ‘உங்கள் கதையை நாங்கள் சொல்கிறோம்’ என்றார்கள். மூன்று வாரம் கழித்து வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் வந்தது. பதினொன்றாம் பக்கத்தில், நான் வாரந்தோறும் சமூக மன்றத்தில் முதியோருக்குக் கைபேசி கற்றுக்கொடுக்கும் தொண்டூழியர் என்று எழுதியிருந்தது. நான் அந்தப் பக்கமே போனதில்லை. ‘எல்லோருக்கும் இப்படித்தான் போடுகிறோம்’ என்றார் அங்கிருந்த பெண், மிகுந்த கனிவோடு. பொய்த் தகவல் கொடுப்பது குற்றம், மாட்டினால் கிடைத்த பிஆரும் போகும், கம்பியும் எண்ண வேண்டிவரும். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, மீதியைக் கட்டினேன். மறுப்பு வந்தது. பணத்தைக் கேட்டேன், ஒப்பந்தத்தைக் காட்டினார்கள்.

எந்த முகவருக்கும் உள்ளே தனி வழி கிடையாது. படிவத்தை நீங்களே நிரப்பலாம். அந்த 2,800க்கு நான் இரண்டு தடவை ஊருக்குப் போய் வந்திருப்பேன்.


அங் மோ கியோ வாசகி
10 அக்டோபர் 2024, பிற்பகல் 2.40

தாயத்து உவமைக்கு என் மதிப்பெண் உங்களுக்கு. வாதத்தை ஒப்புக்கொள்ளவில்லை.


புதுக்கோட்டை மருமகள்
10 அக்டோபர் 2024, இரவு 9.30

தாமதம் என்றாலே எதிர்ப்பக்கத்தைப் பார்க்கிறோம். எங்கள் தாமதம் முழுக்க முழுக்க எங்களுடையது. அடுத்து விண்ணப்பிக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இணையப் படிவத்தைத் திறந்தால் ஏழு நாளுக்குள் முடித்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. நாங்கள் முதல் நாளே சம்பளச் சீட்டு, பட்டம் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் பெருமையாக இருந்தோம். ஆறாம் நாள் இரவு கணவரின் பிறப்புச் சான்றிதழை எடுத்தோம். 1984இல் பேரூராட்சி கொடுத்தது, மடித்த இடமெல்லாம் பழுப்பு. தந்தை பெயர் இருக்கிறது, தாய் பெயர் இருக்கிறது, ‘ஆண்’ என்று இருக்கிறது, தேதி இருக்கிறது. ‘குழந்தையின் பெயர்’ என்ற இடத்தில் மையால் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான். நாற்பது ஆண்டு யாரும் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. பள்ளிச் சான்றிதழை வைத்தே பாஸ்போர்ட் வரை வந்துவிட்டார் மனிதர். அந்தக் காலத்தில் பிறந்தவுடன் பதிவு செய்வார்கள், பெயர் பிறகுதான் வைப்பார்கள். திரும்பப் போய்ச் சேர்ப்பவர் குறைவு.

மாமனார் அலைந்து பெயரைச் சேர்த்தார். அதற்குள் படிவம் காலாவதி. அடுத்து மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் இல்லாத சான்றிதழை மொழிபெயர்த்து நோட்டரியிடமோ தூதரகத்திலோ சான்று வாங்க வேண்டும். மாமியார் பெயர் சான்றிதழில் ‘முத்துலெட்சுமி’. கணவரின் பாஸ்போர்ட்டிலும் ‘லெட்’ என்றுதான் இருக்கிறது. மொழிபெயர்த்தவர் நல்ல தமிழ் தெரிந்தவர் போலிருக்கிறது, ‘லக்ஷ்’ என்று திருத்தி எழுதிவிட்டார். பார்ப்பவருக்கு அது வேறொரு பெண்மணி. மறுபடியும் நோட்டரி, மறுபடியும் காசு. அப்பா பெயரின் முதலெழுத்தை ஒரு தாளில் விரித்தும் இன்னொரு தாளில் புள்ளியோடும் எழுதுகிற நமக்கு இது தீராத நோய்.

தமிழ்நாட்டில் பெயர் விடுபட்ட பழைய பதிவுகளில் பெயர் சேர்க்க 2024 டிசம்பர் 31 வரை கால நீட்டிப்புக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் சான்றிதழை இன்றே பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.


தேக்கா மைனா
10 அக்டோபர் 2024, இரவு 9.52

எழுந்து போய்ப் பார்த்தேன். எனக்குப் பெயர் இருக்கிறது. என் கணவருக்குக் கோடு! பிஆர் கிடைத்த பிறகுதான் இதையே பார்க்கிறேன். பள்ளிச் சான்றிதழோடு எப்படித் தப்பித்தோம் என்று தெரியவில்லை.


துவாஸ் இரவுப்பணி
11 அக்டோபர் 2024, அதிகாலை 4.10

எல்லோரும் விவரமானவர்களாக இருப்பதால் கேட்கிறேன். நான் ஒர்க் பெர்மிட், அதாவது உடலுழைப்புத் தொழிலாளிக்கான அனுமதி. கட்டுமானம், ஒன்பது ஆண்டு. பிஆர் படிவத்தில் என் வகை இல்லை. எங்களுக்கு வரிசை இல்லாததால் தாமதமும் இல்லை. இந்த 2024இல் உள்ள விதிப்படி, அடிப்படைத் திறன் என்றால் மொத்தம் 14 ஆண்டு, உயர்திறன் என்றால் 26 ஆண்டு; அதன் பிறகு விமானம். புகாராகச் சொல்லவில்லை, தெரிந்துதான் வந்தேன்.

கேள்வி இதுதான். டிசம்பரில் பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். மேற்பார்வையாளர் 1,200 வெள்ளி கேட்கிறார். அமைச்சுக் கட்டணம் ஏறிவிட்டது என்கிறார். உண்மையா? ஊரில் முகவரிடம் கொடுத்த கடனே இன்னும் கொஞ்சம் பாக்கி.


கணக்குப்பிள்ளை
11 அக்டோபர் 2024, காலை 6.55

பொய். ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பக் கட்டணம் 35 வெள்ளி, வழங்குவதற்கு 35 வெள்ளி. அதைக்கூட முதலாளிதான் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. வேலை தருவதற்கோ புதுப்பிப்பதற்கோ தொழிலாளியிடம் பணம் வாங்குவது வெளிநாட்டு மனிதவளச் சட்டப்படி குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உரிமம் பெற்ற முகவர்கூட ஓர் ஆண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம், அதற்கு மேல் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது.

பணம் கொடுக்காதீர்கள். கேட்டது கைபேசியில் எழுத்தாக இருந்தால் அழிக்காதீர்கள். மனிதவள அமைச்சிடம் சொல்லலாம். அங்கே நேரே போகத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் தமிழிலேயே பேசலாம்.


செம்பவாங் பெரியவர்
11 அக்டோபர் 2024, காலை 8.30

தம்பி, கட்டணம் என்றால் ரசீது உண்டு. ரசீது கேட்டுப் பாருங்கள்.


பொங்கோல்காரன் வீட்டுக்காரி
12 அக்டோபர் 2024, பிற்பகல் 3.20

இவர் இங்கே எழுதியதை என்னிடம் சொல்லவில்லை. தேக்கா மைனா எனக்குத் தெரிந்தவர். ‘கிரைண்டர் என்று படித்ததும் இது உன் வீடுதான் என்று புரிந்துவிட்டது’ என்று அனுப்பிவைத்தார்.

பள்ளி, வாடகை, வேலை, கிரைண்டர் என்று நான்கு எழுதியிருக்கிறார். ஐந்தாவது விடுபட்டிருக்கிறது. அதை நானே எழுதிவிடுகிறேன்.

சென்னையில் எட்டு ஆண்டு கணக்காளராக இருந்தவள் நான். 2018இல் வயிற்றில் பிள்ளையோடு வந்தேன். பிள்ளைக்கு மூன்று வயது ஆகட்டும், பிறகு வேலைக்குப் போகலாம் என்று இருந்தோம். அதுவரை டிபென்டன்ட் பாஸில் இருப்பவர்களை வேலைக்கு எடுக்க, நிறுவனம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கினால் போதும். 2021 மே மாதத்திலிருந்து அது நின்றது. எனக்கென்று தனியாக ஒரு வேலை பாஸ் எடுக்கத் தயாராக இருக்கும் நிறுவனம் வேண்டும். சேவைத் துறையில் மொத்த ஆள்கணக்கில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் எஸ் பாஸ் (நடுத்தரத் திறனாளர்களுக்கான வேலை அனுமதி) கூடாது. இருபது பேர் உள்ள அலுவலகத்தில் அந்த இரண்டு இடத்தை எனக்கு எதற்குத் தர வேண்டும்? மூன்று நேர்முகத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றிலும் நன்றாகப் பேசினார்கள், காப்பி கொடுத்தார்கள், ‘பிஆர் வந்ததும் சொல்லுங்கள்’ என்றார்கள்.

காலையில் பல் துலக்கும் முன் இவர் பார்க்கிறார். இவர் அலுவலகம் போன பிறகு பத்து மணிக்கு நான் பார்க்கிறேன். அது இவருக்குத் தெரியாது, இப்போது தெரிந்திருக்கும்.

கிரைண்டர் விஷயத்தில் இவர் எழுதியது பாதி உண்மை. இருநூறு வெள்ளிக்குப் பயந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. கிரைண்டர் வந்தால் வாரம் இரண்டு தடவை ஊறவைத்து, அரைத்து, எடுத்து வைப்பது என்று என் நாள் அதைச் சுற்றி அமைந்துவிடும். வீட்டில்தான் இருக்கப்போகிறேன் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.


கணக்குப்பிள்ளை
12 அக்டோபர் 2024, பிற்பகல் 3.58

610, 675, 990 என்று வரிசையாகக் கூட்டினேன். ஒரு கணக்காளரின் பதினோரு மாதச் சம்பளம் என் தாளிலேயே ஏறவில்லை. தவறுதான் தங்கச்சி.


மூன்று மறுப்பு
12 அக்டோபர் 2024, மாலை 4.20

பொங்கோல்காரன் அண்ணன் இன்று இரவு கடை மாவுகூட இல்லாமல் படுக்கப்போகிறார்.


ஆள்சேர்ப்பு அக்கா
13 அக்டோபர் 2024, காலை 11.00

மனிதவளப் பிரிவில் பதினைந்து ஆண்டு இருக்கிறேன். கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

விண்ணப்பத்தோடு உங்கள் முதலாளி கையெழுத்திட்ட ஓர் இணைப்பு போயிருக்கும்: பதவி, சம்பளம், நிறுவனத்தின் விவரம். வேலை மாறினால் அந்தத் தாள் பழைய தாளாகிவிடும். அதனால் விண்ணப்பம் தானாகச் செத்துவிடாது, ஆனால் மறைக்கக் கூடாது. மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். ஆறு ஆண்டு ஒரே இடம் என்ற பலம் போகும், கூடுதல் சம்பளம் என்ற பலம் வரும். எது எடை அதிகம் என்று அடித்துச் சொல்பவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார்.

என்னைக் கேட்டால், நல்ல வேலையை இதற்காக விட வேண்டாம். பிஆருக்காகப் பதவி உயர்வை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டு, கடைசியில் மறுப்பு வாங்கி, அந்த இடமும் போய் நின்றவர்களை என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன்.

உங்கள் மனைவிக்கு ஒரு யோசனை. சிறிய அலுவலகங்களை விட்டுவிட்டு நூறு பேருக்கு மேல் உள்ள இடங்களாகத் தேடச் சொல்லுங்கள். பத்து விழுக்காடு அங்கே கொஞ்சம் மூச்சு விடும்.


யீஷூன் அம்மா
13 அக்டோபர் 2024, இரவு 8.45

பையனுக்கும் சேர்த்து விண்ணப்பித்திருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பேசிக்கொண்டீர்களா?

பெற்றோர் வழியாகப் பிஆர் பெறும் மகனுக்குத் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி, உண்டு. பதினாறரை வயதில் பதிவு, இரண்டு ஆண்டு முழுநேரம், பிறகு நாற்பது வயது வரை ஆண்டுக்கு நாற்பது நாள் வரை கூப்பிடலாம். பதின்மூன்று வயதுக்கு மேல் நீண்ட காலம் வெளிநாட்டில் படிக்க அனுப்பினால் 75,000 வெள்ளி அல்லது பெற்றோரின் ஆண்டு வருமானத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அதற்குப் பிணை கேட்பார்கள். சேவை செய்யாமல் பிஆரைத் துறந்து போனால், பிற்காலத்தில் அவன் இங்கே படிக்கவோ வேலைக்கோ திரும்பி வரும்போது அது எதிரே நிற்கும். விண்ணப்பிக்கும்போது ஐந்து வயது. அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது.

என் மூத்தவன் இப்போது ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங்கில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்தால் மூட்டைத் துணியைத் துவைக்கப் போட்டுவிட்டு, தரையிலேயே பன்னிரண்டு மணி நேரம் தூங்குகிறான். எனக்கு வருத்தமில்லை. ஆனால் நாங்கள் அவனுக்கு ஐந்து வயதில் எடுத்த முடிவை அவன் பதினெட்டில் சுமக்கிறான். இதை எழுதும்போது அவன் காலுறை காய்ந்துகொண்டிருக்கிறது.


பொங்கோல்காரன்
14 அக்டோபர் 2024, இரவு 11.30

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் இரண்டு நாள் நிறையப் பேசினோம். அதை இங்கே எழுதப்போவதில்லை. பத்து மணிக்கு அவளும் பார்க்கிறாள் என்பது எனக்கு உண்மையிலேயே தெரியாது.

தேசிய சேவை பற்றி விண்ணப்பிக்கும் முன் பேசினோம், யீஷூன் அக்கா. பேசினோம் என்றால், நான் சொன்னேன், அவள் தலையாட்டினாள். அதையும் மறுபடி பேசினோம்.

புது வேலைக்கு இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன், ஆள்சேர்ப்பு அக்கா திட்டுவார். என் பாஸ் ஜனவரியில் முடிகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்கும் தெம்பு இல்லை.


துவாஸ் இரவுப்பணி
2 நவம்பர் 2024, அதிகாலை 4.25

ரசீது கேட்டேன். மேற்பார்வையாளர் சிரித்தார். அடுத்த நாள் மறுபடியும் கேட்டேன், அலைபேசியில் எழுத்தாகவே அனுப்பினேன். பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. பெர்மிட் புதுப்பித்தாகிவிட்டதாக நேற்றுத் தகவல் வந்தது. பெரியவருக்கும் கணக்குப்பிள்ளை அண்ணனுக்கும் நன்றி.


பொங்கோல்காரன்
16 பிப்ரவரி 2025, இரவு 9.15

ஒரு தகவலுக்காக. பிஆர் விண்ணப்பம் பதினைந்து மாதம். அதே சொல்.

மகனுக்கு இடம் கிடைத்தது, வீட்டுக்குப் பக்கத்தில் அல்ல, அங் மோ கியோவில். காலை ஐந்தரைக்கு எழுகிறோம். வீட்டுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டேன். ஊர் திரும்ப நேர்ந்தால் பாதியில் விலகலாம் என்ற விதியைச் சேர்த்து எழுதச் சொன்னேன். காம்பஸ் தாண்டி என் பாஸ் புதுப்பித்தாகிவிட்டது.

மனைவிக்குத் தை மாதம் வேலை கிடைத்தது. இருநூறு பேர் உள்ள நிறுவனம். எஸ் பாஸ், 105ம் 100ம் அவர்களே கட்டினார்கள். பத்து மணிக்கு இப்போது அவள் பார்ப்பதில்லை, நேரமில்லையாம்.

போன வாரம் தேக்காவில் கிரைண்டர் வாங்கினோம். அரைப்பது நான்.


கணக்குப்பிள்ளை
16 பிப்ரவரி 2025, இரவு 9.32

அப்படியென்றால் 675 இல்லை, 450. அவருடைய டிபென்டன்ட் பாஸ் இனி உங்கள் கணக்கில் வராது.


தேக்கா மைனா
16 பிப்ரவரி 2025, இரவு 9.40

எத்தனை லிட்டர்? அரிசி உளுந்து நாலுக்கு ஒன்றா, மூன்றுக்கு ஒன்றா?


பொங்கோல்காரன்
16 பிப்ரவரி 2025, இரவு 9.58

இரண்டு லிட்டர். நாலுக்கு ஒன்று போட்டேன், கல்லாக வந்தது. உளுந்துக்குத் தண்ணீர் குறைத்துவிட்டேன் என்கிறாள்.


பொங்கோல்காரன் வீட்டுக்காரி
16 பிப்ரவரி 2025, இரவு 10.03

வெந்தயம் போடவே இல்லை.